ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

“தப்புச் செய்யாதவனுக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று ஒரு பேச்சு நாட்டில் நடமாடி வருகிறது. கைரேகை கேட்டாலும், கருவிழியைப் படம் பிடித்தாலும், செல்போன் சேதிக்குள் எட்டிப் பார்க்க விதி போட்டாலும், படித்தவர்கள் என்று சொல்லிக் கொள்பவர்களே இந்தப் பாட்டைத்தான் பாடுகிறார்கள். செஞ்சியில் இருப்பவர்கள் இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை; தலையை நிமிர்த்தி ராஜகிரியைப் பார்த்தால் போதும்.

மூன்று மலைகளை வளைத்து மதில்; அகழி; வாசலுக்கு மேல் வாசல்; உச்சிக்கருகே பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம். 1690 முதல் 1698 வரை மொகலாயச் சேனை இதன் முன் காத்துக் கிடந்தது. இவ்வளவையும் வைத்துக் கொண்டிருந்த ராஜாக்களைப் பார்த்து, “நீ என்ன தப்புச் செய்தாய், ஏன் கதவைச் சாத்துகிறாய்?” என்று எவனாவது கேட்டானா? ராஜா சாத்தினால் அதற்குப் பெயர் கோட்டை. குடியானவன் சாத்தினால் அதற்குப் பெயர் குற்றமா?

இந்தக் கேள்வியைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்களில் முதலில் சொல்லத் தக்கவர் கே. எஸ். புட்டசாமி. 1926-இல் பிறந்தவர், 1977 முதல் 1986 வரை கர்நாடக ஐகோர்ட்டில் ஜட்ஜியாக இருந்தவர். பார்லிமெண்டில் சட்டமே நிறைவேறாமல் ஆதாருக்காகக் கைரேகை வாங்கப்படுவதைக் கண்டு, மற்றவர்கள் ராமா கிருஷ்ணா என்று மூலையில் உட்காரும் 86-ஆவது வயதில், 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்லவென்று, 1954, 1962-ஆம் வருஷத்துத் தீர்ப்புகளைக் காட்டிச் சர்க்கார் தரப்பில் வாதாடினார்கள். 24-8-2017-இல் 9 ஜட்ஜிகளும் ஒருமுகமாக, அது உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2018-இல் ஆதார் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்று 4 பேர் சொல்ல, ஒருவர் மறுத்தார். ஆனால் பாங்குக் கணக்கோடும் செல்போனோடும் அதைக் கட்டாயமாக இணைப்பது செல்லாதென்று ஆயிற்று. புட்டசாமி 2024-இல், 98-ஆவது வயதில் காலமானார்.

நிற்க, நமது சென்னையில் நடந்ததைப் பாருங்கள். சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டுமென்று 2018-இல் ஐகோர்ட்டுக்கு வந்த வழக்கு, வாட்ஸ்அப் சேதியை முதலில் எழுதியவரைக் கண்டுபிடிக்க வழி வேண்டும் என்பதில் வந்து நின்றது. எழுதியவரின் அடையாளத்தைச் சேதியோடு சேர்த்தே அனுப்பலாம் என்று 2019-இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். அதைக் குற்றவாளிகள் எளிதில் ஏய்த்து விடுவார்கள் என்று பம்பாய் ஐ.ஐ.டி.யில் சங்கேதக் கலை ஆராயும் மனோஜ் பிரபாகரன் மறுத்தெழுதினார். இருந்தும் 2021-இல் சர்க்கார், முதலில் எழுதியவரைக் காட்டியாக வேண்டும் என்று விதியே போட்டு விட்டார்கள். வாட்ஸ்அப் டில்லி ஐகோர்ட்டுக்குப் போயிற்று.

நல்லவர்கள் மட்டும் நுழையும்படி ஒரு திட்டிவாசல் வைக்க எந்தக் கொத்தனாருக்காவது தெரியுமா? திறந்த வாசல் வருகிறவனின் யோக்கியதையைக் கேட்பதில்லை. இன்றைய அதிகாரிக்கு வைத்த வழி நாளைய அதிகாரிக்கும் வழி, திருடனுக்கும் வழி.

இந்தச் சங்கேதப் பூட்டை ஏதோ மாயமென்று எண்ண வேண்டாம். மந்திரக்காரன் தன் மந்திரத்தை ஒளிப்பான். சூத்திரன் காதில் விழக் கூடாதென்பான். இந்தக் கலையோ அதற்கு நேர் விரோதம். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி தெரியாதவரை பூட்டு நிற்க வேண்டுமென்று கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் 1883-இலேயே எழுதி வைத்தார். ஊரார் ஒட்டுக் கேட்கும்போதே இருவர் பேசித் தங்களுக்குள் ஒரு இரகசியச் சாவியை உண்டாக்கிக் கொள்ளும் கணக்கை 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் அச்சிட்டே வெளியிட்டார்கள். யாரும் படிக்கலாம், சோதிக்கலாம், தப்புக் கண்டு பிடிக்கலாம். பகுத்தறிவுக்கு இதைவிட வேறென்ன லட்சணம் வேண்டும்?

சரி, இந்தச் சாவி யாருக்கு வேண்டும்? ஜாதி விட்டுக் கல்யாணம் செய்ய நினைக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வேண்டும். 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டமோ 30 நாள் முன்னதாக அவர்கள் பெயரை ஆபீசில் ஒட்டச் சொல்கிறது. அரிவாளோடு தேடுகிற சொந்தக்காரனுக்கு வேறென்ன உதவி வேண்டும்? முதலாளிக்குத் தெரியாமல் சங்கம் சேர்க்கும் கூலிக்காரனுக்கு வேண்டும். லஞ்சத்தைப் பத்திரிகைக்குச் சொல்லும் குமாஸ்தாவுக்கு வேண்டும். இவர்கள் செய்த தப்பு என்ன?

சர்க்கார் தங்கள் விஷயத்தில் எப்படி நடக்கிறார்கள்? தகவல்களைக் காக்க என்று 2023-இல் வந்த சட்டத்தில், தங்கள் இலாகாக்களுக்கு விலக்களித்துக் கொள்ளத் தாங்களே இடம் வைத்துக் கொண்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தையும் அதிலேயே திருத்தி, ‘சொந்த விஷயம்’ என்று சொல்லிப் பதில் மறுக்கும் வழியை அகலமாக்கினார்கள். குடிகளுக்குக் கண்ணாடி வீடு. ஆளுகிறவர்களுக்குக் கருங்கல் மதில்!

ஆகவே தோழர்களே! ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று இனி எவராவது கேட்டால், வெட்கப்பட்டு மடியை அவிழ்க்காதீர்கள். “என் மடியைப் பார்க்கும் முன் உன் கஜானாக் கணக்கைக் காட்டு” என்று திருப்பிக் கேளுங்கள்.