கிரீன் கார்டு வரட்டும் என்று சொல்லும் பெற்றோருக்கு

"கிரீன் கார்டு வரட்டும்மா, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

இந்த வாக்கியத்தை எத்தனை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. சொல்பவர்கள் கெட்டவர்கள் கிடையாது. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று மகளை விமானம் ஏற்றியவர்கள். போனில் அவள் அழுதால் இரவெல்லாம் தூங்காதவர்கள். ஆனாலும் விடிந்ததும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். அடிக்கிறவன் கையில் பெற்றவர்களே இன்னொரு பிரம்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இது. 34 வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான், பிரம்பு யார் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான் வக்கீல் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள், அவ்வளவுதான். அமெரிக்கக் குடியேற்றத் துறையே எல்லோரும் படிக்கும்படி போட்டு வைத்திருப்பதை என் அண்ணன் மகனை உட்கார வைத்து வரி வரியாகப் படித்தேன். ஒரு வாரம் ஆயிற்று. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் முன் நாம் செலவழிக்காத ஒரு வாரம் அது.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். "அமெரிக்க மாப்பிள்ளை" என்றால் மட்டும் பார்ப்பதில்லை. சம்பளம் கேட்கிறோம், சொந்த வீடா என்று கேட்கிறோம், எந்த நட்சத்திரம் என்று கேட்கிறோம். அவர் அந்த நாட்டில் என்ன நிலையில் இருக்கிறார் என்று கேட்பதில்லை. அவர் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா, எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரா, மாணவர் விசாவா? நாளைக்கு உங்கள் மகளுக்கு ஒரு ஆபத்து என்றால் அந்த நாட்டுச் சட்டம் அவளுக்கு எந்தக் கதவைத் திறக்கும் என்பது இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள மாப்பிள்ளை. 1994இல் அமெரிக்காவில் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி, கணவனால் கொடுமைக்கு ஆளாகும் மனைவி தன் கிரீன் கார்டுக்குத் தானே மனு கொடுக்கலாம். ஐ-360 என்று அந்தப் படிவத்துக்குப் பெயர். கணவன் கையெழுத்து வேண்டாம். கணவனுக்குத் தெரியவே வேண்டாம். இந்த மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. போலீஸ் புகார் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அவளுடைய வாக்குமூலம், தோழியின் கடிதம், டாக்டர் சீட்டு, காயத்தின் புகைப்படம், அவன் அனுப்பிய மெசேஜ் என்று நம்பத்தகுந்த எந்தச் சான்றையும் பார்க்கிறார்கள். கல்யாணம் உண்மையானது, அவனோடு சேர்ந்து வாழ்ந்தாள், கொடுமை நடந்தது, அவள் நன்னடத்தை உள்ளவள் என்று காட்ட வேண்டும். விவாகரத்து ஆகிவிட்டாலும், அதற்கும் கொடுமைக்கும் தொடர்பு இருந்தால், இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம்.

கொடுமை என்றால் கன்னத்தில் அறைந்தால்தான் என்று நினைக்காதீர்கள். மனதைச் சித்திரவதை செய்வதும், பணத்தைக் கண்ணிலேயே காட்டாமல் வைப்பதும், வீட்டுக்குள் அடைப்பதும், "ஒரு போன் போட்டா உன்னை நாடு கடத்திடுவாங்க" என்று மிரட்டுவதும் அதற்குச் சான்றாகும். அந்த மிரட்டல் பெரும்பாலும் வெறும் வாய்ச்சவடால் என்பதுதான் வேடிக்கை. 1996இலிருந்தே அங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இப்படி மனு கொடுத்த பெண்ணைப் பற்றிய தகவலைக் குடியேற்ற அதிகாரிகள் வெளியே சொல்லக் கூடாது. கொடுமை செய்தவன் போட்டுக்கொடுக்கும் தகவலை மட்டும் வைத்து அவளுக்கு எதிராக முடிவு எடுக்கவும் கூடாது. அவன் வீசுவது உள்ளே குண்டு இல்லாத துப்பாக்கி. அதைப் பார்த்து இங்கே திருச்சியிலும் மதுரையிலும் அப்பா அம்மா நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை. ஊர் பெயர், அவள் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் அங்கே போனதால் அவளுக்குக் கிடைத்தது இரண்டு வருட நிபந்தனை கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிரந்தரமாக்க வேண்டும். அந்தத் தேதியைத்தான் அவன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான். "அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீ இங்க இருப்ப." அடி விழும்போதெல்லாம் இந்தப் பேச்சும் சேர்ந்து விழும். அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க சொன்னா கேப்பா, அந்தக் கையெழுத்து ஆகற வரைக்கும் பொறுமையா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் அவளிடம் வேறு விஷயம் சொன்னேன். அவன் கையெழுத்து இல்லாமலே, கொடுமையைக் காரணம் காட்டி அவள் தனியாக அதே ஐ-751 படிவத்தைக் கொடுக்கலாம். விவாகரத்து ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். கார்டு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அங்கே ஒரு இலவசச் சட்ட உதவி வக்கீல் அதையேதான் அவளிடம் சொன்னார். மனு கொடுத்துவிட்டாள், ரசீது வந்திருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. இப்போது தனி அறையில் இருக்கிறாள், ஒரு பள்ளியில் உதவியாளர் வேலை. அவள் அம்மா மட்டும் இன்னும் சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளைக்கு வேற ஊருக்கு மாத்தல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

இனி கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கட்டிக்கொள்வது எச்-1பி மாப்பிள்ளையை. அவர்கள் போவது எச்-4 விசாவில். மேலே சொன்ன ஐ-360 கதவு அவர்களுக்குத் திறக்காது, ஏனென்றால் கணவன் குடிமகனும் இல்லை, கிரீன் கார்டுக்காரனும் இல்லை. இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டத்தின் மீதே எனக்குக் கோபம் வருகிறது. அடி ஒன்றுதான், கணவனின் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையைப் பார்த்தா காயத்தை அளப்பது?

எச்-4இல் இருப்பவளுக்கு அவள் பெயரில் எதுவுமே இல்லை. கணவனுடைய கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் வேலை பார்க்க அனுமதி. அதுவும் 2015இல்தான் வந்தது. பி.இ., எம்.எஸ்சி. படித்த பெண் வருடக்கணக்கில் அவனிடம் பஸ் காசு கேட்டு நிற்கிறாள். அவன் விவாகரத்து வாங்கிவிட்டால், தீர்ப்பு வந்த அன்றே அவள் எச்-4 முடிந்தது.

இப்போது சொல்லுங்கள், "கிரீன் கார்டு வரட்டும்" என்று எதை எண்ணிச் சொல்கிறீர்கள்? ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று அங்கே ஒரு வரம்பு இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வேலைவழி வரிசை பத்து வருடத்தையும் தாண்டி நீள்கிறது. அத்தனை வருடம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, ஒன்பதாவது வருடம் அவன் நோட்டீஸ் அனுப்பினால் அவள் கையில் என்ன இருக்கும்? உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் இந்தக் கணக்குத் தப்பு. மூணாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக் கூடாத கணக்கு.

அவளுக்கும் வழியே இல்லை என்று சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் யு விசா என்று ஒன்று வந்தது. சில குற்றங்களுக்கு ஆளானவர்கள் போலீசுக்கோ அரசு வக்கீலுக்கோ ஒத்துழைத்தால் அதற்கு மனு கொடுக்கலாம். குடும்ப வன்முறை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணவன் எந்த விசாவில் இருக்கிறான் என்பது இங்கே கேள்வியே இல்லை. ஆனால் போலீசோ அரசு வக்கீலோ ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும், வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் கிடைக்கும், வரிசை பல வருடம். ஆகவே அவள் 911க்குப் போன் செய்த அந்த இரவு, போலீஸ் எழுதிக்கொண்டு போன அந்தக் காகிதம், பின்னால் அவளுடைய உயிர்மூச்சாக ஆகலாம். "போலீசைக் கூப்பிட்டுக் குடும்ப மானத்தை வாங்காதே" என்று நீங்கள் இங்கிருந்து போனில் சொல்லும்போது அந்தக் காகிதத்தைத்தான் கிழிக்கிறீர்கள்.

எச் விசாக்காரர்களின் கொடுமைக்கு ஆளான மனைவி கணவனைச் சாராமல் வேலை அனுமதி பெறலாம் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொன்னது. அதற்கான ஐ-765வி படிவம் வந்ததோ 2017இல்! பத்து வருடத்துக்கு மேல் உரிமை இருந்தது, கேட்பதற்குக் காகிதம் இல்லை. நம்மூர் தாலுகா ஆபீசைத் திட்டுகிறோம். அந்த அனுமதி வேலைக்கு மட்டும்தான், தங்குவதற்கான நிலையை அது தராது. ஆனால் கையில் சொந்தச் சம்பளம் இருக்கும் பெண் வக்கீலிடம் பேசுகிற விதமே வேறு.

இன்னொரு ஆபத்தான அறிவுரை, "குழந்தையைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஃப்ளைட்ல வந்துடு." தயவு செய்து யோசிக்காமல் சொல்லாதீர்கள். தகப்பனின் உரிமையை மறித்துக் குழந்தையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது அங்கே 1993இலிருந்து மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, அதனால் இங்கே வந்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். அங்கே அவள் பெயரில் பிடிவாரண்டு நிற்கும், திரும்பவும் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது. முதலில் அந்த ஊர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும் குழந்தையின் பொறுப்பும் கேட்க வேண்டும். கேட்க முடியும்.

எதிர்க்கருத்து வரும் என்று தெரியும். "விசாவுக்காகப் பொண்ணுங்க பொய் சொல்லுவாங்க டீச்சர்." பொய் சொல்பவர்கள் எல்லா வரிசையிலும் உண்டு. வகுப்பில் ஒருவன் வயிற்றுவலி என்று பொய் சொன்னான் என்பதற்காக யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருந்ததில்லை. அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு தருவதில்லை, ஒவ்வொரு மனுவையும் துருவித்தான் பார்க்கிறார்கள், பொய்ச் சத்தியம் அங்கே குற்றம். ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயரில் "பெண்கள்" என்று இருந்தாலும் கொடுமைக்கு ஆளாகும் கணவனும் இதே மனுவைக் கொடுக்கலாம். கமெண்டில் வந்து சண்டை போடும் முன் இதைப் படித்துவிடுங்கள் தம்பிகளே.

மற்ற நாடுகளையும் பார்த்தேன். கனடாவில், ஸ்கார்பரோ பக்கம் நம் ஈழத்துச் சொந்தங்கள் நிறைய இருக்கும் இடத்தில், 2012இல் ஒரு கொடுமையான விதி கொண்டுவந்தார்கள். கணவன் அழைத்துவந்த மனைவி இரண்டு வருடம் அவனோடு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். 2017இல் அதை எடுத்துவிட்டார்கள். 2019இலிருந்து குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் கட்டணமில்லாத தற்காலிக அனுமதியும் தருகிறார்கள். பிரிட்டனில் 2012இலிருந்து மூன்று மாதச் சலுகை உண்டு. குடிமகனின் மனைவி அதற்குள் அரசு உதவி வாங்கிக்கொண்டே நிரந்தரமாகத் தங்க மனு கொடுக்கலாம். 2024 ஜனவரியில் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. "ஊருக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூட்டிவந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு பெண்ணை இங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறான்களே, அந்தப் பெண்களும் இங்கிருந்தபடியே மனு கொடுக்கலாம் என்று விதி எழுதினார்கள். அமெரிக்க ஐ-360ஐயும், கொடுமை அந்த மண்ணில் நடந்திருந்தால், இந்தியாவிலிருந்து கொடுக்கலாம். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண் அங்கிருந்தே வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது. கதை முடிந்தது என்று அவளை அடுப்படியில் உட்கார வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

இந்த மாதம் விமானம் ஏறப் போகும் பெண் இருக்கும் வீடுகளுக்கு: பாஸ்போர்ட், விசா, கல்யாணப் பதிவுச் சான்று, மாப்பிள்ளையின் விசா நகல், படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அவளுக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த ஒரு மின்னஞ்சலில் வையுங்கள். ஒரு பிரதி உங்கள் பீரோவில். நியூ ஜெர்சியில் மானவி 1985இலிருந்து, நியூயார்க்கில் சகி 1989இலிருந்து, கலிபோர்னியா வளைகுடாப் பகுதியில் மைத்ரி 1991இலிருந்து நம் தெற்காசியப் பெண்களுக்காகவே நடக்கின்றன. இந்தப் பெயர்களை அவள் டைரியில் எழுதிக் கொடுங்கள், சாமி படத்தோடு சேர்த்து. அமெரிக்கா முழுவதற்குமான குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, பகலும் இரவும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். இங்கே 181. கணவன் எடுத்துப் பார்க்கிற செல்போனிலிருந்து மட்டும் கூப்பிட வேண்டாம், பக்கத்து வீட்டுப் போனோ வேலை செய்கிற இடத்துப் போனோ போதும்.