செவ்வந்திக்கு இருட்டு வேண்டும்!

விருதுநகர் மாவட்டத்தில் மலை அடிவாரத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. 2025-ம் ஆண்டில் ஒரு வீடியோவால் நாடெங்கும் பேசப்பட்ட ஊர்.

அங்கே வீட்டு வாசலில் சீமை டெய்சிப் பூ வளர்க்க ஆசைப்பட்டால் என்ன ஆகும்? காசுதான் வீண்! டெய்சி குளிர் தேசத்துச் செடி. ஊட்டியில் சிரிக்கும். கூமாப்பட்டி வெயிலில் வாடிவிடும்.

அதன் சொந்தக்காரி ஒருத்தி நம்மிடம் இருக்கிறாள். அவள்தான் செவ்வந்தி. பூர்வீகம் சீனா, ஆனாலும் நம் வெயிலுக்குப் பழகியவள். சூரியகாந்தி, கேந்தி எல்லாம் இதே குடும்பம். வரப்பில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் இந்தக் குடும்பம்தான். அதற்கு யார் உரம் போட்டார்கள்?

பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தச் சீமையில், ஆயுத பூஜைக்கு விலை ஏறிய பூவைக் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டுமா? நாலு தொட்டி போதுமே!

விளக்குதான் குற்றவாளி

"செடி தளதளவென்று இருக்கிறது. பூ மட்டும் இல்லையே!" என்று பலர் உரத்தைக் குறை சொல்வார்கள். பல வீடுகளில் குற்றவாளி வாசல் விளக்கு!

இரவு நீளமாக இருந்தால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் செடி ஏமாந்துபோகும். இரவு குறைந்துவிட்டதென்று இலையாகவே வளரும். பூ வியாபாரத்துக்குப் பயிர் செய்வோர், பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றே விளக்குப் போடுவது உண்டு.

வாசல் விளக்கை அணைக்கலாம். தெரு விளக்கை அணைக்க முடியாது. தொட்டியைக் கொல்லைப்புறம் மாற்றலாம் அல்லவா? பகலில் மட்டும் நல்ல வெயில் வேண்டும்.

கிள்ளத் தயங்காதீர்கள்

பழைய செடியின் அடியில் வரும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, ஓர் அடி இடைவெளியில் நடவேண்டும். நாலு வாரத்தில் நுனிக் குருத்தைக் கிள்ளிவிட வேண்டும்.

இங்கேதான் பாட்டிமாருக்கு மனம் வராது. "வளருகிற பிள்ளையைக் கிள்ளுவதா?" என்பார்கள். கிள்ளாவிட்டால் செடி ஒற்றைக் குச்சியாக உயரும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளைக்குக் கிளை பூ!

தண்ணீர் தேங்கக் கூடாது, வேர் அழுகும். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம்.

பூத்து ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். தண்டைத் தரையோடு ஒட்ட வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கன்றுகள் வரும். அடுத்த வருஷத்துக்கும் ஆகும். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.