கடலுக்குள் ஒரு காது!

எம்டனைத் தெரியாத சென்னைக்காரர் உண்டா? 1914 செப்டம்பர் 22 இரவு குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். ஆனால் 'வுல்ஃப்' என்ற இன்னொரு ஜெர்மன் கப்பலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது சத்தமே போடவில்லை! 1917 பிப்ரவரியில் கொழும்பு, பம்பாய்ப் பக்கம் கடலில் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டு நழுவிவிட்டது. நாலு மாதம் கழித்துப் பம்பாய் அருகே 'மங்கோலியா' என்ற பயணிகள் கப்பல் அதில் சிக்கி மூழ்கியது.

நண்பர்களே, எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி எண்ணூரில்தான் இறங்குகிறது. அந்த வழியில் ஒரு கண்ணி கிடக்கிறது என்று சந்தேகம் வந்தாலே போதும், எந்தக் கேப்டனும் உள்ளே வரமாட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?

நம் கடற்படையின் பழைய கண்ணிவாரிக் கப்பல்களில் கடைசியான ஐ.என்.எஸ். கோழிக்கோடு 2019-ல் ஓய்வு பெற்றுவிட்டது. புதுக் கப்பல்களுக்கு முதல்கட்ட ஒப்புதல் கிடைத்ததே 2025-ல்தான். அதே ஆண்டு நவம்பரில், ஆள் தூக்கிச் செல்லக்கூடிய, தானே ஓடும் நீரடிக் கலங்களை உருவாக்கியிருப்பதாக விசாகப்பட்டினத்திலுள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் அறிவித்தது. அதில் இருப்பது சைடு ஸ்கேன் சோனார்.

கடல்நீரில் ரேடியோ அலை சீக்கிரம் செத்துவிடும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 75 மீட்டர் தள்ளிக் கிடக்கும் பொருளில் பட்டுத் திரும்பிவர 0.1 நொடி! அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் தெளிவாகும், தூரம் குறையும். அதனால் கிட்டே போயாக வேண்டும். மனுஷன் போவதைவிட மெஷின் போகட்டும் என்பதுதான் விஷயம். பொருளுக்குப் பின்னால் எதிரொலி வராத இடம் நிழலாக விழும். அந்த நிழலின் நீளத்தை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். பத்தாம் வகுப்பு ஒத்த முக்கோணம்தான், வேறொன்றுமில்லை.

ஆனால் துறைமுக வாயிலில் டிரம், டயர், அறுந்த நங்கூரம் எல்லாமே நிழல் விழ வைக்கும். எது கண்ணி, எது குப்பை? நேற்று அங்கே என்ன கிடந்தது என்று தெரிந்தால்தான் இன்று புதிதாக வந்ததைப் பிடிக்க முடியும். ஆகவே சண்டை வந்தபிறகு கலத்தை இறக்கிப் பிரயோஜனமில்லை. அமைதியாக இருக்கும்போதே நம் இரண்டு துறைமுக வழிகளையும் திரும்பத் திரும்பப் படம் பிடித்து வைக்கவேண்டும் என்பது என் கட்சி. கப்பல் தரைதட்டாமல் இருக்க ஆழம் அளப்பது வேறு, இது வேறு.

இந்த வேலைக்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. பேட்டரி மாற்ற, ஓ-ரிங் சரிபார்க்க, பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிட, டிப்ளமோ படித்தவனுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். வலை எங்கெங்கே மாட்டிக் கிழியும் என்பது பழவேற்காடு மீனவர்களுக்கு மனப்பாடம். முதல் பட்டியலை அவர்களைக் கேட்டே எழுதலாம். கலத்தை இறக்கும் போட்டையும் அவர்களிடமே வாடகைக்கு எடுக்கலாம்.