ஃபைபர் ஜாயிண்ட்: எண்ணைக் கேட்டு வாங்குங்கள்!

இன்டர்நெட் விட்டு விட்டு வந்தால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் சந்தேகப்படுவது கம்ப்யூட்டரைத்தான். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் அதற்கு முன் கேபிளில் உள்ள ஜாயிண்டுகளைச் சந்தேகப்பட வேண்டும் என்பேன்.

நான் குடியிருக்கும் கோட்டாற்றில் கம்போளத்தைச் சுற்றி நெருக்கமான தெருக்கள். லாரி உரசினாலோ, மரக்கிளை விழுந்தாலோ கம்பத்தில் செல்லும் கேபிள் அறுந்துவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததை மறக்க முடியாது. ஒவ்வொரு முறை அறுத்து ஒட்டும்போதும் ஜாயிண்ட் கூடுகிறது.

ஃபைபரில் ஒளி செல்லும் மையப்பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. இரு நுனிகளும் சற்று விலகினாலும், தூசி ஒட்டினாலும் ஒளி வெளியே சிதறும். இந்த இழப்பை டெசிபலில் சொல்வார்கள். ஃப்யூஷன் ஸ்ப்ளைசரால் உருக்கி ஒட்டினால் 0.1 டெசிபலுக்குள் முடிக்கலாம். அதாவது நூற்றில் இரண்டு பங்குதான் நஷ்டம். மோசமான ஜாயிண்ட் 3 டெசிபலைத் தின்றால் பாதி ஒளி போய்விடும்.

ஸ்ப்ளைசரின் திரையில் தெரியும் எண், நுனிகளின் படத்தைப் பார்த்துப் போடும் மதிப்பீடு மட்டுமே. உண்மையில் அளப்பது ஓடிடிஆர் என்ற கருவி. அது ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய ஒளியை வைத்து எத்தனையாவது மீட்டரில் எவ்வளவு இழப்பு என்று காட்டும். ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்தால் இதுவும் ஏமாற்றும். சற்றே வேறுபட்ட இரு ஃபைபர்களை ஒட்டிய இடத்தில் ஒளி கூடியதுபோல்கூடக் காட்டும்! இரு முனையிலிருந்தும் அளந்து சராசரி எடுப்பதே சரியான முறை.

வீட்டுக்கு ஒரு சிறிய பவர் மீட்டரே போதும். எவ்வளவு ஒளி வந்து சேருகிறது என்று டிபிஎம் அளவில் காட்டிவிடும். மைனஸ் 20 என்றால் ஒளி அதிகம், மைனஸ் 26 என்றால் குறைவு. பரவலாக உள்ள ஜிபான் வகை இணைப்பில் மோடத்துக்கு மைனஸ் 27 தான் எல்லை. எல்லையை நெருங்கும் வரை வேகம் குறையாது. அதன்பின் திடீரென்று இணைப்பு விட்டு விட்டு வரும். அதனால்தான் பழி கம்ப்யூட்டர் மேல் விழுகிறது.

புது இணைப்பு தரும்போதும், ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் இந்த எண்ணை ரசீதில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் புரியாது என்பது சாக்கு. கம்போளத்தில் கால் கிலோ வத்தல் வாங்கினாலும் தராசைப் பார்த்துத்தானே காசு கொடுக்கிறோம்?

அதுவரை நீங்களே கேட்டு, தேதியுடன் குறித்து வையுங்கள். பல மோடங்களின் செட்டிங்ஸ் பக்கத்திலும் 'ஆர்எக்ஸ் பவர்' என்று இந்த எண் இருக்கும். அடுத்த முறை தொல்லை வந்தால் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். 3 டெசிபல் குறைந்திருந்தால் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், லைன்மேனைக் கூப்பிடுங்கள். ஆனால் ஃபைபர் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.