இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?

போன மாதம் கோமுகி அணையைப் பற்றி எழுதியதற்கு நிறைய பேர் போனில் பேசினீர்கள். இந்த முறை எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் கல்வராயன் மலையில். பெண்களின் உடம்பைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. உங்களுக்கும் இந்த வயதில் அது வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்ட பெண், அந்த இடத்தில் மறுபடி மார்பு அமைத்துக்கொள்ளலாமா என்று வாய் திறந்து கேட்டால், நம் வீடுகளில் வருகிற முதல் பதில் "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்பதுதான். புருஷன் சொல்வார், மகன் சொல்வான், மாமியார் சொல்வார். சில நேரம் டாக்டரே சொல்வார். நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணிடமும் இதையே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அறுபது வயதுக்காரர் பல் செட் கட்டினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எழுபது வயதில் கண்ணுக்கு லென்ஸ் வைக்கிறோம், முட்டி மாற்றுகிறோம். கால் போனவருக்கு அரசாங்கமே செயற்கைக் கால் கொடுக்கிறது. அவரைப் பார்த்து "இனிமே நடந்து எங்க போகப் போற?" என்று கேட்டால் ஊரே காறித் துப்பும். இதில் மட்டும் வயசு குறுக்கே வந்து நிற்கிறது.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மார்பகச் சீரமைப்பு செய்யும் திட்டத்தை அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். இந்தியாவிலேயே முதல் முறை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூடச் செய்தி வந்தது. நம் ஊர் டீக்கடைகளில் அன்று அடித்த கேலியை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மிக்ஸி கொடுத்தார்கள், ஃபேன் கொடுத்தார்கள், இப்போது இதுவுமா என்றார்கள். படித்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள்: டெங்குவுக்குக் கொட்டாத பணத்தை அழகுக்குக் கொட்டுவதா? பொதுச் சுகாதாரத் துறையில் பெரிய பதவியில் இருந்த ஒருவரும் உயிர் காக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு இதுவா என்று வருத்தப்பட்டார்.

அழகுக்கு மட்டும்தான் இது என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் வெறுமை என்று இருந்தால் தோள் சாயும், கழுத்து வலிக்கும். முந்தானையை எத்தனை தரம் இழுத்துவிட்டாலும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியின் கண் அங்கேயே போகும். கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஸ்டான்லியின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை, மெஷினில் சிக்கி அறுந்த கைகளை ஒட்டவைத்துப் பேர் வாங்கிய துறை. கைக்கு வந்தபோது கைதட்டியவர்கள் மார்புக்கு வந்ததும் சிரித்தார்கள்.

சரி, கேலி செய்தவர்களோடு என் சண்டை இது. திட்டத்தை ஆதரிப்பவர்களோடும், கண்ணாடிக் கட்டடத்தில் கிளினிக் வைத்து விளம்பரம் செய்பவர்களோடும் எனக்கு வேறொரு சண்டை இருக்கிறது. உள்ளே வைக்கும் பையில் எது உசத்தி, எது மட்டம் என்று விலைப்பட்டியல் மாதிரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எந்த ஊருக்குத் திரும்பிப் போகிறாள், அங்கே பத்து வருஷம் கழித்து அவளை யார் பார்ப்பார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. தி.நகர் பெண்ணுக்குப் பொருந்துகிற பை சேராப்பட்டுப் பெண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

எப்படி என்று சொல்கிறேன். பைகளில் முக்கியமாக இரண்டு வகை. இரண்டுக்குமே மேலுறை சிலிகான் ரப்பர்தான். ஒன்றின் உள்ளே சிலிகான் கூழ். இன்னொன்றின் உள்ளே உப்புநீர், அதாவது வார்டில் பாட்டிலில் ஏற்றுகிறோமே, அதே மாதிரி சலைன். தொட்டால் நிஜ மார்பு போல இருப்பது சிலிகான். சலைன் பை கொஞ்சம் விறைப்பு, தோல் மெலிந்தவர்களுக்கு ஓரத்தில் சுருக்கம் தெரியும். அதனால் சிலிகானே மேல் என்று விளம்பரம் சொல்லும்.

ஆனால் பை என்று இருந்தால் ஒரு நாள் பிய்யும். சலைன் பை பிய்ந்தால் சீக்கிரமே மார்பு சூம்பிவிடும். உப்புநீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கெடுதல் இல்லை. பை போய்விட்டது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போவாள். சிலிகான் பை பிய்ந்தால் பல நேரம் வெளியே ஒன்றுமே தெரியாது. அதற்காகத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வைத்த ஐந்தாறு வருஷத்தில் ஒரு முறை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்று சொல்லிவைத்திருக்கிறது. எந்தப் பையும் ஆயுளுக்கும் வருகிற பொருள் இல்லை என்றும் சொல்கிறது.

இப்போது இன்னாட்டிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவள். கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறினாலே ஒரு நாள் கூலி போச்சு. வலி இல்லாத, வீக்கம் இல்லாத ஒரு மார்புக்கு ஸ்கேன் எடுக்க அவள் வருவாளா? சர்க்கரை மாத்திரை வாங்க வரவைக்கவே நான் படாத பாடு பட்டிருக்கிறேன். இலவசமாகப் பையை வைத்து அனுப்பிவிட்டு, அதன் பிறகு வருகிற ஸ்கேனை அவள் தலையில் கட்டினால் அது பாதி இலவசம்கூட இல்லை. போர்வெல் போட்டுக் கொடுத்துவிட்டு மோட்டார் ரிப்பேர் உன் பாடு என்பது போலத்தான்.

இன்னொன்று. நம் பக்கத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்ட உடனே யாரும் வருவதில்லை. புண்ணாகி நீர் வடிந்த பிறகு வருகிறவர்கள் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் கரண்ட் வைக்க வேண்டியிருக்கும். கரண்ட் வைத்த இடத்தில் பை வைத்தால், அதைச் சுற்றி உடம்பு கட்டுகிற தழும்பு இறுகிக் கல்லாகி வலிக்கிற வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து அமைப்பது பல நேரம் நல்லது. ஸ்கேனும் மாற்றலும் தேவையில்லை, உடம்போடு உடம்பாகிவிடும். ஆனால் ஆபரேஷன் நீளம், புண் இரண்டு இடத்தில். முதுகுத் தசையை எடுத்தால் தோளில் கொஞ்சம் பலம் குறையலாம். விறகுக் கட்டு தூக்கி மலையேறுகிறவளிடம் இதைச் சொல்லாமல் செய்தால் அது துரோகம்.

கத்தியே வேண்டாம் என்கிறவர்களுக்கு, உள்பாடியில் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பு இருக்கிறது. சிலிகானில் உண்டு, பருத்தி நூலில் பின்னியதும் உண்டு. ஒன்றுமே வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்பதும் ஒரு தேர்வுதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் மார்பையே எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2002இல் உறுதி செய்துவிட்டார்கள்.

இத்தனை வழி இருப்பதை என் நாத்தனாரிடம் யாரும் சொல்லவில்லை. பேர் சொல்ல வேண்டாத ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. இங்கிலீஷில் இருந்த ஃபாரத்தில் அவர் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தபோதுதான் முழுசாக எடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அப்புறம் பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்து, கனத்துக்குக் கடுகு போட்டு, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். வேர்வை பட்டுக் கடுகு ஊறி நாற்றம் எடுக்கும். வாரா வாரம் மாற்றுவார். பதினோரு வருஷம் அப்படியே இருந்து போய்ச் சேர்ந்தார். "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்கிறவர்கள் அந்தக் கடுகுப் பையை ஒரு தரம் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பைகளின் சரித்திரமே சொல்லாமல் செய்ததன் சரித்திரம்தான். உலகத்தில் முதன்முதலாக சிலிகான் பை வைத்துக்கொண்டவர் டிம்மி ஜீன் லிண்ட்சே. 1962இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஏழைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரியில். ஆறு பிள்ளை பெற்றவர், தொழிற்சாலையில் வேலை செய்தவர். மார்பில் பச்சை குத்தியதை அழிக்கப் போனவரிடம் டாக்டர்கள் இதைக் கேட்டார்கள். அவருக்கு ஆசை இருந்தது காதைச் சரிசெய்துகொள்ளத்தான். சோதனை என்றால் அன்றும் ஏழைதான். முப்பது வருஷம் கழித்து, 1992இல், பாதுகாப்புக்குச் சான்று போதவில்லை என்று அமெரிக்க அரசே சிலிகான் பைகளைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தது. 2006இல்தான் மறுபடி அனுமதித்தது.

பிரான்சில் பி.ஐ.பி. என்று ஒரு கம்பெனி. உடம்புக்குள் வைக்கிற பையில், தொழிற்சாலைக்கு உரிய மலிவான சிலிகானை ஊற்றி உலகம் முழுக்க விற்றது. 2010இல் பிடிபட்டது. சுமார் மூன்று லட்சம் பெண்கள் உடம்பில் அது இருந்தது. முதலாளி ழான்-குளோட் மாஸுக்கு 2013இல் நாலு வருஷம் சிறை. 2024 ஜூனில் நம் கருணாபுரத்தில் என்ன நடந்தது? தொழிற்சாலைக்கு உரிய மெத்தனால் சாராயத்தில் வந்தது, அறுபதுக்கும் மேலே பிணம் விழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் உடம்புக்குள் போவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

2019 ஜூலையில் அலர்கான் கம்பெனி, சொரசொரப்பான மேலுறை கொண்ட தன் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அவற்றைச் சுற்றி அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்தது. அதுவரை உலகளவில் 573 பேருக்கு அந்த நோய், 33 சாவு, என்று அமெரிக்கத் துறை கணக்குச் சொன்னது. வைத்துப் பல வருஷம் கழித்து வீக்கமாக வருகிற நோய் அது, சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகும். தொந்தரவு இல்லாதவர்கள் பயந்து எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஆனால் தன் உடம்பில் இருப்பது வழவழப்பா சொரசொரப்பா, எந்தக் கம்பெனி என்று தெரிந்தால்தானே அவள் பயப்படவோ தைரியமாக இருக்கவோ முடியும்? அட்டை இல்லாத பை, ஆர்.சி. புக் இல்லாத வண்டி.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன்னால், எல்லா வழிகளையும் தமிழில், அந்தப் பெண்ணிடமே சொல்ல வேண்டும், வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னால் போதாது. பை வைத்தால் கம்பெனி, வகை, அளவு, வரிசை எண் எழுதிய அட்டை அவள் கையில் இருக்க வேண்டும். இலவசமாகப் பை வைக்கிற அரசு, பிற்பாடு வருகிற ஸ்கேனையும் மாற்றுகிற செலவையும் பஸ் காசையும் சேர்த்து ஏற்க வேண்டும். பை வேண்டாம் என்கிறவளுக்கு, வீட்டுக்கு அனுப்பும் அன்றே ஒரு செயற்கை மார்பும் அதற்கேற்ற உள்பாடியும் கொடுத்தனுப்ப வேண்டும். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் நமக்கென்று அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இதையெல்லாம் அங்கிருந்தே தொடங்கலாம், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: மார்பை முழுசாக எடுத்தே ஆக வேண்டுமா? கரண்ட் உண்டா? சொந்தச் சதையில் அமைக்க முடியுமா, இங்கே அதைச் செய்கிறவர் இருக்கிறாரா? பை என்றால் கூழா, உப்புநீரா, வழவழப்பா? பிய்ந்தால் எப்படித் தெரியும், யாரிடம் வர வேண்டும்? கேட்டு முடித்ததும் நீங்கள் வாயை மூடிக்கொண்டு, அவளைப் பேச விடுங்கள்.