பயனர் இடைமுக வடிவமைப்பும் தமிழ்க்கல்வியும்: முன்மாதிரியாக்கப் பயிற்சியின் தேவை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்களும் அரசுச் சேவைகளும் அன்றாடப் பரிமாற்றங்களும் திரைவழியே மக்களை அடையும் காலம் இது. அத்திரைகளின் அமைப்பை முடிவு செய்யும் இடத்தில் தமிழ் பயின்றோர் மிகுதியாக இல்லை. பிறமொழியில் வடிவமைத்து முடிக்கப்பெற்ற திரைக்குச் சொற்களைப் பெயர்த்துத் தரும் நிலையிலேயே அவர்கள் நிற்கின்றனர். பயனர் இடைமுக வடிவமைப்பின் சிக்கல்களுள் பல, தமிழைப் பொறுத்தவரை, இலக்கணச் சிக்கல்களும் பதிப்பியல் சிக்கல்களுமே ஆகும். எனவே இடைமுக வடிவமைப்பும் முன்மாதிரியாக்கமும் முதுகலை, ஆய்வுநிலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் செய்முறைப் பயிற்சியாக இடம்பெற வேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பயனர் இடைமுகம், முன்மாதிரி, பதிப்பியல், புணர்ச்சி, கணினித்தமிழ், பாடத்திட்டம்.

முன்னுரை

கணினித்தமிழ் என்னும் தாள் இன்று பல தமிழ்த் துறைகளின் பாடத்திட்டத்தில் உள்ளது. எழுத்துருக்களின் வரலாறு, விசைப்பலகை வகைகள், ஒருங்குறி, மின்னூலகங்கள் ஆகியன அதில் கற்பிக்கப்படுகின்றன. இவை தேவையானவையே. எனினும் இவை யாவும் தமிழ் எழுத்து கணினிக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை விளக்குவன. நுழைந்த தமிழ் மனிதருக்கு எவ்வாறு திரும்பி வருகிறது, எவ்வொழுங்கில் காட்டப்படுகிறது, எங்கே அவரைத் தடுமாறச் செய்கிறது என்னும் வினாக்கள் அத்தாளில் எழுவதில்லை. அவ்வினாக்களுக்கு உரிய துறையே பயனர் இடைமுக வடிவமைப்பு. அதனைத் தொழில்நுட்பக் கல்வியின் உடைமை என ஒதுக்கிவைப்பது தமிழியலுக்கு இழப்பாகும்.

பதிப்பு என்னும் இடைமுகம்

இடைமுகம் என்பது புதுச்சொல்லாயினும் அது குறிக்கும் பணி தமிழறிஞர்க்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் புள்ளியின்றியும், சொல்லிடை வெளியின்றியும், மூலமும் உரையும் விரவியும் கிடந்த நூல்களை அச்சுப் பக்கத்தில் எவ்வாறு அமைப்பது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் எதிர்கொண்ட சிக்கல். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது மூலத்தை நிறுவியதோடு அமையவில்லை. நூலுக்குள் புகும் வாயில்களையும் அமைத்தார். முகவுரை, குறிப்புரை, பாடவேறுபாடு, அகராதி முதலிய உறுப்புகள் படிப்போர் எங்கு நின்று எதைத் தேடுவர் என்னும் கணிப்பின் விளைவுகள்.

எஸ்.வையாபுரிப்பிள்ளையை முதன்மையாகக் கொண்டு 1940இல் வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பு, பாடல்களைத் தொகைநூல் வரிசையில் தராமல் புலவர் வரிசையில் தந்தது. ஒரு புலவரின் பாடல்களை ஒருசேர நோக்கும் ஆய்வுக்கு அவ்வொழுங்கு வழிவிட்டது. மர்ரே எஸ்.ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தியைப் பிரித்து, குறைந்த விலையில் வந்து, புலமைப் பயிற்சி இல்லாதார்க்கும் மூலத்தைத் திறந்தன. உள்ளடக்கம் ஒன்றாயிருக்க, அமைப்பு மாறியதால் பயன்படுத்துவோரும் பயனும் மாறினர். தகவல் ஒழுங்கமைப்பு என இன்று வடிவமைப்பு வகுப்புகளில் கற்பிக்கப்படும் பொருளுக்கு இவற்றினும் தெளிவான தமிழ்ச் சான்றுகள் அரிது.

இலக்கணம் வடிவமைப்பாகும் இடங்கள்

தமிழ்த் திரைகளில் காணப்படும் குறைகளைக் கூர்ந்து நோக்கினால் அவற்றுள் பல இலக்கணத்தில் வேர்கொண்டிருத்தல் புலனாகும். முதலாவது, புணர்ச்சி. ஊர்ப்பெயரையோ ஆட்பெயரையோ ஒரு வெற்றிடத்தில் நிரப்பி, அதன்பின் ஒரே உருபை ஒட்டுவது மென்பொருள்களின் பொது வழக்கம். உருபு தனிச்சொல்லாக நிற்கும் மொழிகளுக்கு அம்முறை பொருந்தும். தமிழிலோ மதுரை என்பது மதுரைக்கு ஆகும். சிதம்பரம் என்பது அத்துச்சாரியை பெற்றுச் சிதம்பரத்துக்கு ஆகும். திண்டுக்கல் என்பது ஒற்று இரட்டித்துத் திண்டுக்கல்லுக்கு ஆகும். இவ்வேறுபாட்டை அறியாத திரை ‘சிதம்பரம்க்கு’ எனக் காட்டும். தொல்காப்பியத்தின் உருபியல் கற்ற மாணவர் இப்பிழையின் காரணத்தை நொடியில் கூறுவார். வடிவமைப்புப் பயிற்சியும் பெற்றவராயின் இரண்டு தீர்வுகளை முன்வைப்பார். ஒன்று, புணர்ச்சி விதியை நிரலில் எழுதச் செய்தல். மற்றொன்று, ‘சேருமிடம்: சிதம்பரம்’ என உருபே வேண்டாத தொடராகத் திரையை மாற்றியமைத்தல். இரண்டாவது தீர்வு நிரலாளரின் உதவியின்றியே செய்யத்தக்கது. ஆனால் திரை வரையப்படும் நிலையில் தமிழறிந்தவர் உடனிருந்தால் மட்டுமே செய்யத்தக்கது.

இரண்டாவது, ஏவல். பொத்தான்மேல் ‘சேமி’ என எழுதுவதா, ‘சேமிக்கவும்’ என எழுதுவதா என்பது ஓயாத குழப்பம். ஒரே செயலியில் இரண்டும் ‘சேமிப்பு’ என்னும் பெயர்ச்சொல்லும் கலந்து வருதலைக் காணலாம். யார் யாரை நோக்கிப் பேசுகின்றனர் என்னும் வினாவை எழுப்பினால் குழப்பம் தீரும். பொத்தானை அழுத்துவோர் கருவிக்கு ஆணையிடுகின்றனர். ஆங்கே ‘சேமி’ என்னும் ஒருமை ஏவலில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ‘கடவுச்சொல்லை மீண்டும் உள்ளிடவும்’ என்பதோ கருவி பயனரை நோக்கிக் கூறுவது. ஆங்கே மரியாதை வடிவமே பொருந்தும். கூற்றிற்கு உரியோரையும் கேட்போரையும் பிரித்தறிதல் அகப்பாடல் பயிலும் மாணவர்க்கு முதற்பாடம். அதே நுண்ணறிவு இங்கும் பயன்படுகிறது.

மூன்றாவது, அகரவரிசை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண் வரிசையை அப்படியே பின்பற்றும் பட்டியலில், மெய்வரிசையின் இறுதியில் வரவேண்டிய இவ்வெழுத்துகள் இடைநடுவே தோன்றும். உயிர்மெய்க்கு முன் நிற்க வேண்டிய புள்ளியெழுத்தும் பின்தள்ளப்படும். அகராதி பார்க்கப் பழகியவர் தேடும் சொல் அங்கே இருந்தும் கிடைக்காது.

நான்காவது, பெயர். குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தின்முன் தலைப்பெழுத்து மரபுடைய தமிழர் தந்தை பெயரையோ ஒற்றை எழுத்தையோ இட்டு நிரப்புகின்றனர். ஓர் ஆவணத்தில் ஒருவகையாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறு வகையாகவும் பதிவான பெயர் பின்னர்ச் சான்றிதழ் சரிபார்ப்பில் இடராகிறது. இது மொழிபெயர்ப்புப் பிழையன்று. படிவத்தை வரைந்தவர் தம் மரபைப் பொதுமரபு எனக் கொண்டதன் விளைவு.

பெயர்ப்பாளர் இறுதியில் அழைக்கப்படுவதால் இவற்றுள் எதனையும் திருத்த இயலாது. அவர்முன் வைக்கப்படுவது சொற்பட்டியலே. சொல் நிற்கும் இடம் அவர்க்குக் காட்டப்படுவதில்லை.

முன்மாதிரி: செய்து நோக்கும் முறை

முன்மாதிரியாக்கம் என்பது இறுதிப் பொருளை உருவாக்கும் முன்னர், ஐயத்திற்கிடமான பகுதியை மட்டும் எளிய வடிவில் செய்து, பயனரிடம் கொடுத்து நோக்குதல். கையடக்கக் கருவியான பாம் பைலட் 1996இல் சந்தைக்கு வந்தது. அதன் உருவாக்குநர் ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் செய்தது ஒரு மரத்துண்டு. அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் எடுத்துப் பயன்படுத்துவதுபோல் நடித்து, அளவு பொருந்துமா, எவ்வேளையில் எது தேவைப்படும் என்பனவற்றை அவர் கண்டறிந்தார். மின்சுற்று எதுவுமின்றியே முதன்மையான வினாக்களுக்கு விடை கிடைத்தது.

தாள், எழுதுகோல், கத்தரிக்கோல் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் தாள் முன்மாதிரி இத்துறையின் தொடக்கநிலை. 2016இல் பொதுப்பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா போன்ற கருவிகளில் திரைகளை இணைத்து இயங்குவதுபோல் காட்டுதல் அடுத்தநிலை. மேம்பட்ட நிலையில், ஒரே உறுப்பின் இயல்பு, அழுத்தப்பட்ட, முடக்கப்பட்ட, பிழைகாட்டும் நிலைகளையும், சிறு திரையிலும் பெருந்திரையிலும் அதன் தோற்றத்தையும், முழுத் தொகுதிக்கும் பொதுவான விதிகளையும் வகுத்தல் வேண்டும். உறுப்புகளை வகைப்படுத்தி, அவை ஏற்கும் வடிவங்களையும் சேர்க்கையையும் விதியாக்கும் இப்பணி இலக்கணம் வகுக்கும் பணிக்கு அயலானதன்று.

பயிற்சியில் ஒரு நெறி இன்றியமையாதது: போலிச் சொற்களை இட்டு நிரப்பாமல் உண்மைத் தமிழ்ப் பனுவலைக் கொண்டே வரைதல் வேண்டும். தமிழ்ச்சொற்கள் நீள்வன, மேலும் கீழும் குறிகள் நீட்டப்பெறும் தமிழ் வரிகளுக்கு இடைவெளி மிகுதியாக வேண்டும், பேரெழுத்து இன்மையால் தலைப்பை வேறுபடுத்த அளவையும் தடிமனையும் வண்ணத்தையுமே நம்ப வேண்டும். இவை உண்மைச் சொற்களை இட்டபோதே தெரியவரும்.

புறநானூற்றின் 267ஆம் பாடல்

செய்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. புறநானூற்றுக்கு ஒரு தேடல் இடைமுகத்தை முன்மாதிரியாக அமைக்கும்படி மாணவரைப் பணிப்பதாகக் கொள்ளலாம். புலவர், பாடப்பெற்றோர், திணை, துறை எனத் தேடும் வழிகளை அவர்கள் எளிதில் வரைந்துவிடுவர். பயனர் ஒருவர் 267ஆம் எண்ணைக் கேட்டால் திரை என்ன கூற வேண்டும் என்பதே கடினமான இடம். 267, 268 ஆகிய இரு பாடல்களும் சுவடிகளில் கிடைக்கவில்லை. வழக்கமான திரை ‘முடிவுகள் எதுவும் இல்லை’ எனக் கூறும். அவ்விடை பயனரைத் தம் தேடலில் பிழையிருப்பதாகவோ, தரவுத்தளம் குறையுடையதாகவோ எண்ணச் செய்யும். உண்மையோ வேறு. எண் உண்டு; பாடல் அழிந்தது. இவ்வேறுபாட்டைத் திரையில் கூறுதல் பதிப்பாசிரியரின் கடமை.

அதேபோல் சிதைந்த பாடல்களில் விடுபட்ட பகுதியை எக்குறியால் காட்டுவது, பாடவேறுபாட்டை மூலத்தருகே வைப்பதா தொட்டால் விரியச் செய்வதா, ‘கல்’ எனத் தேடுவோர்க்குக் ‘கற்குவியல்’ போன்ற புணர்மொழியும் வரவேண்டுமா என ஒவ்வொரு முடிவும் ஓர் ஆய்வு நிலைப்பாட்டைக் கோரும். பள்ளி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் என வெவ்வேறு பயனரிடம் தாள் முன்மாதிரியைக் கொடுத்து, அவர்கள் எண்ணுவதை வாய்விட்டுக் கூறச்செய்து குறித்தால், எந்நிலைப்பாடு பொருந்தவில்லை என்பது வெளிப்படும். ஐந்து பயனரிடம் நிகழ்த்தும் சிறு சோதனையே பெரும்பாலான குறைகளைக் காட்டிவிடும் என்பது ஜேக்கப் நீல்சன் வலியுறுத்திய கருத்து. அது ஒத்த இயல்புடைய பயனர்க்கே பொருந்துமாதலால், வகைக்கு ஒரு குழுவாகச் சோதித்தல் தகும்.

மறுப்புகளும் விடைகளும்

இம்முன்மொழிவுக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, தமிழ்த்துறை தொழிற்பயிற்சிக் கூடமன்று என்பது. இக்கூற்றில் நியாயம் உண்டு. கருவியின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் வகுப்பு பல்கலைக்கழகத்திற்கு உரியதன்று. ஆயின் சுவடிப் பயிற்சியும் பதிப்புப் பயிற்சியும் கைத்திறன் கலந்தவையே. அவை தமிழியலின் பகுதிகளாகவே ஏற்கப்பட்டுள்ளன.

இரண்டாவது, கருவிகள் விரைந்து மாறுவன. இன்று கற்பது நாளை பயன்படாது என்பது. கருவி மாறும், பயனரை நோக்குதல், பணியைப் பகுத்தல், முன்மாதிரி செய்தல், சோதித்தல், திருத்துதல் என்னும் முறை மாறுவதில்லை. தாளில் தொடங்குமாறு கூறுவதன் காரணமும் இதுவே.

மூன்றாவது மறுப்பே வலிமையுடையது: கற்பிக்க ஆசிரியர் யார்? வடிவமைப்பு அறிந்தோர் தமிழிலக்கணம் அறியார். தமிழாசிரியர் வடிவமைப்பு பயின்றிலர். இவ்விடைவெளியை ஒரு துறை தனித்து நிரப்ப இயலாது. கணினி அறிவியல் துறையுடன் இணைந்து ஒரு பருவத்தாளை நடத்துதல், இரு துறை மாணவரையும் ஒரே குழுவில் அமர்த்துதல், ஆய்வேட்டுக்கு மாற்றாகச் சோதனைக் குறிப்புகளுடன் கூடிய முன்மாதிரியை மதிப்பிட ஏற்றல் ஆகியன தொடக்கமாக அமையும். மதிப்பீட்டில் திரையின் அழகைவிட, எடுத்த முடிவுகளுக்குக் கூறப்பட்ட காரணங்களும் சோதனைக்குப்பின் செய்த திருத்தங்களும் முதன்மை பெறுதல் வேண்டும்.

முடிவுரை

ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்கள் பெயர்ந்தபோது பக்கத்தின் அமைப்பைத் தமிழறிஞர்களே முடிவு செய்தனர். அதனாலேயே சங்க இலக்கியம் இன்று படிக்கத்தக்க வடிவில் உள்ளது. அச்சிலிருந்து திரைக்குப் பெயரும் இக்காலத்தில் அம்முடிவு பிறர் கைக்குச் சென்றுள்ளது. அதற்குப் பிறரைக் குறைகூறுதல் பொருந்தாது; அவ்விடத்தில் அமர்வதற்கான பயிற்சியைத் தமிழ்க்கல்வி இன்னும் தரவில்லை. புணர்ச்சி கற்ற மாணவர் ஒருவர் திரையை வரையும் மேசையில் அமர்ந்தால் ‘சிதம்பரம்க்கு’ என்னும் வடிவம் பொதுமக்கள் கண்ணில் படுமுன்னரே நீங்கும். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது கணினித்தமிழ்த் தாளின் ஓர் அலகையேனும் இடைமுக முன்மாதிரியாக்கச் செய்முறைக்கு ஒதுக்குவது குறித்துப் பாடத்திட்டக் குழுக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.