தாத்தாவிடம் இல்லாத கேமரா

ஆபீஸில் என் கேமராவைப் பார்த்த ஜெர்மன் நண்பர், ‘எங்க தாத்தாகிட்ட இப்படி ஒண்ணு இருந்துச்சு’ என்றார். வெள்ளி நிற மேல்பாகம், தோல் மாதிரி கறுப்பு உறை, ஷட்டர் வேகத்துக்குத் தனியாக ஒரு திருகு. எனக்குச் சிரிப்பு வந்தது. என் தாத்தாவிடம் இருந்தது மண்வெட்டி.

இந்த ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வகைக் கேமராவை உலகம் முதலில் பார்த்ததே எங்கள் கொலோனில்தான். 2010 செப்டம்பரில், ரைனுக்கு அக்கரையில் டாய்ட்ஸில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில். 1950-ல் தொடங்கிய அந்தக் கண்காட்சி 2018-க்குப் பிறகு நடக்கவே இல்லை. செல்போன் பாதியை விழுங்க, மீதியைக் கொரோனா முடித்துவிட்டது. ஆனால் பழைய சாயலில் செய்த இந்தப் பெட்டி பிழைத்துக்கொண்டு, 2024-ல் ஆறாவது மாடலாக வந்தது. அப்போது புதுசு இங்கே ஏறக்குறைய 1,800 யூரோவாக இருந்தது. நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். அதன் விலையும் மனைவிக்கு இன்னும் தெரியாது.

இந்த ‘ரெட்ரோ’ ஏக்கம் நமக்குக் கடன் வாங்கியதுதான். நம்மில் எத்தனை பேர் வீட்டில் கேமரா இருந்தது? கல்யாணம்னா ஸ்டூடியோக்காரர் வருவார், அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பத்தாவுக்கு இருக்கும் ஒரே படம், ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. இடது ஓரத்தில் யாருடைய தோளோ இன்னும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பது எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது, படத்தில் இல்லை. என் மகளுக்கு இரண்டிலுமே இல்லை.

அதனால்தான் இதை விடாமல் வைத்திருக்கிறேன். ஜூம் கிடையாது, ஒரே லென்ஸ். முகம் வேணும்னா நாமதான் கிட்டப் போகணும். கிட்டப் போனால் ரெண்டு வார்த்தை பேசணும். போனில் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் பாதி, டோம் தேவாலயத்துக்கு முன்னால் வரிசையாக நின்று எடுத்தவை. போன கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்தபோது இந்தக் கேமராவை டோம் பக்கமே கொண்டு போகவில்லை. பூரிக்கட்டை அகப்படாமல் அம்மா ஒயின் பாட்டிலால் சப்பாத்தி தேய்த்தது, அப்பா பால்கனியில் பனியனோடு பேப்பர் படித்தது. இப்படிப் பத்துப் படங்களை பிரிண்ட் போட்டேன். பிரிண்ட் போடாதவர்களுக்கு இந்தக் கேமரா வெறும் அலங்காரம், போனே போதும் என்பது என் கட்சி.

பாட்டில் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இதை ஊர்ல யார்கிட்டடா காட்டுறது?’ என்று அம்மா திட்டினார். அவர்கள் கிளம்பிப் போன பிறகு மேஜையில் பார்த்தால், அந்தப் படம் மட்டும் இல்லை.